கொட்டாவிக் கோவிந்தன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் மாசி பிறந்துவிட்டால், துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அடுத்தபடி அதிகாரம் காமன் கம்பத்துக்குத்தான். மூன்றாம்பிறை கண்டதும் கோயிலடியில் கம்பத்தை ஊன்றி, காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிறவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டினவன் கறி மீன் தொடக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. காமனை எரித்த பிறகுதான் கயிறு அவிழும். அதற்கு முன் எவனாவது தாண்டினால் அவன் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள். எந்த வீட்டில், எந்த வருசம் போனது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவனும் வாயைத் திறக்கமாட்டான். ஆனாலும் பயம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு, பொய் சொல்வானேன்.

அறுபத்திரண்டாம் வருசத்துக் கூத்துக்கு மாஸ்டர் ஆண்டியப்பன். பகலில் மலையில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன். கையெல்லாம் தேயிலை வாது கீறின தழும்பு. சாயந்தரம் தப்பு காய்ச்சி அடித்து அவன் வாயைத் திறந்தானென்றால் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் அதிரும். அந்த வருசம் ரதி வேஷத்துக்குத் தன் மகன் சின்னராசாவையே நிறுத்தினான். பையனுக்குப் பதினொரு வயது. புருஷனைப் பறிகொடுத்த ரதியாகச் சேலையைக் கட்டிக்கொண்டு அவன் ஒப்பாரி வைத்தால், கொழுந்துக்கூடையோடு போகிற பெண்கள் அப்படியே நின்று மூக்கைச் சிந்துவார்கள்.

அதே பையன்தான் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் சிரிக்கவும் வைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒரே வாத்தியார், யாழ்ப்பாணத்து இராசரத்தினம். பனிக்குப் பயந்து காதுவரை மப்ளர் சுற்றியிருப்பார், ஆனால் ஆள் சும்மா இருக்கமாட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிற மனக்கணக்குப் போட்டியைப் பாட்டும் ஆட்டமுமாக நாடகம் எழுதிவிட்டார். போட்டிக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தி விடை தெரிந்தும் வெட்கத்தில் சொல்லமாட்டாள். ஒருவன் கேள்வி கேட்ட உடனே வெளியே போகக் கையைத் தூக்குவான். ஒருவன் காலில் அட்டை கடிக்கிறதென்று துள்ளிக்கொண்டே இருப்பான். இவர்களுக்கெல்லாம் மேல் கொட்டாவிக் கோவிந்தன். அதுதான் சின்னராசா. மாவுத் தண்ணியில் மீசை வரைந்துகொண்டு மேடை நடுவில் வந்து நிற்பான்.

"ஆ... ஆ... கொட்டாவி!
அஞ்சு மணிக்குத் தப்படிச்சா
ஆருதாங்க தூங்குறது?
ஆறும் ஏழும் கூட்டச் சொன்னா
அதுக்குள்ள கண்ணு சொக்குதுங்க!"

அவன் கொட்டாவி விட்டால் பார்க்கிறவர்களுக்கும் கொட்டாவி வரும், சிரிப்பும் வரும். தோட்டத்துத் துரையே வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார். ஹட்டன் டவுனில் நடக்கிற பள்ளிக்கூட நாடகப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துக்குப் பேர் வரும் என்று துரை கொழுந்து லொறியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டி நாள் எப்போது என்று தெரிந்தபோதுதான் வந்தது வினை. கம்பம் ஊன்றி ஒரு வாரம்கூட ஆகாத சமயம். பையன் கையில் காப்பு.

வாத்தியார் மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார்.

"ஆண்டியப்பன், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும். உம்மட பொடியன் இல்லாட்டி நாடகமே இல்லை. காலமை வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பி வந்திடுவம்."

"ஐயா, படிச்சவங்க நீங்க, ஒங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? காப்புக் கட்டியாச்சுங்க. பாலத்துக்கு அங்கிட்டு அவன் காலு படக்கூடாதுங்க."

"அந்தக் கயித்தைக் கழட்டி வச்சிட்டு, வந்தாப்போலை திருப்பிக் கட்டினால் என்ன?"

"அய்யய்யோ! மாட்டுக் கயிறுங்களா ஐயா அது, அவுத்து அவுத்துக் கட்ட? எனக்கு ஒரு கைப்புள்ள இருக்குங்க. நான் புள்ள குட்டிக்காரன்."

"அப்ப லொறி வேண்டாமெண்டு துரைக்குச் சொல்லிவிடவோ?"

"ஒங்க இஷ்டமுங்க ஐயா. என்னய மன்னிச்சிருங்க."

வாத்தியார் மப்ளரை மறுபடி காதுவரை சுற்றிக்கொண்டு போய்விட்டார். சின்னராசா அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவன்.

அந்தக் கைப்பிள்ளைதான் சண்முகவடிவு. ஆண்டியப்பன் பெண்சாதி ராக்காயிக்கு, சின்னராசாவுக்குப் பிறகு இரண்டு பிள்ளை தங்காமல் போய், தவமிருந்து கிடைத்த பெண். அப்போதுதான் சுவரைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகியிருந்தது. அந்த மாசியில் எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் பனி கொட்டியது கொஞ்சநஞ்சமல்ல. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் தேயிலைத் தளிர் கருகிச் சுருண்டது. அந்தப் பனியில், வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்படித்ததும், பிள்ளையைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு போய், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் ராக்காயி மலைக்கு ஏற வேண்டும். வேறு வழி? ஒருநாள் மத்தியானம் பால் கொடுக்க வந்தவளிடம், "புள்ள காலையிலருந்து இருமுது தாயி, மேலு கொதிக்குது" என்றாள் அங்கிருந்த ஆயா.

கூடைக் கொழுந்தோடு அப்படியே ஆஸ்பத்திரிக் காம்பராவுக்கு ஓடினாள் ராக்காயி. தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற மருந்தையா பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சளிதான். இந்த மருந்தக் குடு."

"மூச்சு வுடக் கஷ்டப்படுதுங்க ஐயா. ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா டிக்கோயா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போயிருவோம்."

"இருமினா டிக்கோயா, தும்மினா டிக்கோயா. வேலைக்குக் கள்ளம் போடுறதுக்கு ஒங்களுக்கு ஒரு சாட்டு. போ, போ."

போத்தலில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரைத்தான் வயிற்றுவலிக்கும் கொடுப்பார், கால் வீக்கத்துக்கும் கொடுப்பார். நாசமாய்ப் போன மனுஷன்.

மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்தது. ராக்காயி கொத்தமல்லி போட்டுக் காய்ச்சினாள், மார்பில் சூடத்தை எண்ணெயில் கரைத்துத் தடவினாள். ஆண்டியப்பன் கம்பத்தடிக்குப் போய் மஞ்சளும் விபூதியும் கொண்டுவந்து பூசினான். கூத்துத் தலைவர் நல்லமுத்துவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"காமன் சோதிக்கிறான்டா, ஆண்டி. வெரதத்த வுட்றாத. நல்லபடியா எரிச்சு முடிச்சா எல்லாம் சொகமாயிரும்."

"ஆமாங்க மாமா, அப்புடித்தான் நானும் இருக்கேன்."

"எரிக்கிறதுக்குள்ள எம் புள்ள எரிஞ்சு போயிருமே மாமா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ராக்காயி. நல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பஸ் ஏறப் போக வேண்டுமானால் மலை இறங்கி, பாலம் தாண்டி, கணவாய்க் காற்றில் நடக்க வேண்டும். காப்புக் கட்டின ஆண்டியப்பன் பாலம் தாண்டமாட்டான் என்பதால், அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ராக்காயி மறுநாள் விடியலிலேயே புறப்பட்டும் பார்த்தாள். கணவாயில் அடித்த காற்றில் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. இரண்டு பேரும் அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அடுப்பைப் பெரிதாக எரித்து அனல் காட்டிய பிறகுதான் பிள்ளை கண்ணைத் திறந்தது.

"சுத்தி மறைப்புப் போட்ட வண்டியா இருந்தா கொண்டு போயிறலாம்டி," என்றாள் அம்மாக்கண்ணு. "நாளைக்கு நாடகத்துக்குக் கொழுந்து லொறி ஹட்டனுக்குப் போறதா இருந்துச்சே. ஓம் மவன் போகலன்னதும் அதுவும் இல்லாமப் போச்சு."

ராக்காயி பிள்ளையை அம்மாக்கண்ணு மடியில் போட்டாள். தலைமுடியைக்கூட முடியாமல் எழுந்து நடந்தாள். பொழுது சாய்கிற நேரம். வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, லொறி வேணாம்னு தொரைக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லைப் பிள்ளை. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு மனம் கேக்காமல் இருக்கிறன்."

"சொல்லாதீங்க ஐயா, கும்புட்டுக் கேக்குறேன். எம் மவன் வருவான். ஒங்க நாடகத்துல என்னா வேணும்னாலும் பாடுவான். லொறி மட்டும் போகணும். எம் புள்ளைய டிக்கோயாவுல சேத்துருங்க."

வாத்தியாருக்கு அப்போதுதான் விசயமே விளங்கியது. "ஐயோ கடவுளே! இதை முதலே வந்து சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்று தலையில் கை வைத்தார். யாரிடம் சொல்வது? சாகக் கிடக்கிற பச்சைப் பிள்ளைக்கு லொறி கேட்டால் கள்ளம் என்பார்கள். மேடையில் கொட்டாவி விடுகிறவனுக்கு மட்டும் லொறி உண்டு. அதுதான் எங்கள் தோட்டத்து நியாயம்.

விடிந்ததும் லொறி கோயிலடிக்கு வந்து நின்றது. டிரைவர் செல்லசாமி கொழுந்துச் சாக்குகளை உதறி விரித்து, படங்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். பிள்ளைகள் வேஷத் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். ராக்காயி ஒரு கையில் கம்பளிக்குள் பிள்ளையும், மறுகையில் சின்னராசாவுமாக வந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் நல்லமுத்துவும் கூத்துக்காரர்களும் நின்றார்கள். ஆண்டியப்பனும் அங்கேதான் நின்றான்.

"ராக்காயி, பையன எங்க இழுத்துக்கிட்டுப் போற?" என்றார் நல்லமுத்து.

"ஹட்டனுக்கு."

"ரதி எல்ல தாண்டுனா கூத்து என்னாகும்? தோட்டமே அழிஞ்சு போகும், தெரியுமா? டேய் ஆண்டி, ஒம் பொண்டாட்டிக்குச் சொல்லமாட்டியா?"

ஆண்டியப்பன் கம்பத்தைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். கம்பளிக்குள்ளிருந்து மூச்சு கொரகொரவென்று வந்துகொண்டிருந்தது.

"என்னாங்க," என்றாள் ராக்காயி. குரல் உயரவேயில்லை. "ரெண்டு நாளு நீங்க சொன்னதக் கேட்டேன். இன்னைக்கு நான் சொல்றதக் கேளுங்க. புள்ள பொழைச்சா வந்து காமன் காலுல வுழுந்து கெடக்குறேன். புள்ள போயிருச்சுன்னா ஒங்க காமன் எனக்கு எதுக்கு?"

ஆண்டியப்பன் மகனைக் கிட்ட இழுத்தான். கயிறு பனியில் நனைந்து இறுகிப் போயிருந்தது. அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தான். பிறகு தன் கையில் இருந்ததையும் அறுத்தான்.

"பாவம் எதுவா இருந்தாலும் என்னயத் தொடரட்டும் மாமா. புள்ளைங்களத் தொடர வேணாம்," என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான். நல்லமுத்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். செல்லசாமி இதற்குத்தான் காத்திருந்தவன் மாதிரி வண்டியை எடுத்தான்.

பாலம் தாண்டும்போது பிள்ளைகள் எல்லாரும் சின்னராசாவின் வெறும் மணிக்கட்டையே பார்த்தார்கள். ராக்காயி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்னால் படங்குக்குள் இருட்டு, பச்சைக் கொழுந்து வாடை. லிந்துலை தாண்டி, தலவாக்கலைச் சந்தியில் வண்டி நின்றபோது வாத்தியார் இறங்கி முன்னால் போனார்.

"செல்லசாமி, ஹட்டனிலை நிக்க வேண்டாம். முதல் டிக்கோயாவுக்கு விடு."

"பிந்திப் போயிருமேங்க ஐயா. போட்டிக்காரங்க ஒங்களச் சேத்துக்குவாங்களா?"

"சேர்த்தால் சேர்க்கட்டும், விட்டால் விடட்டும். நீ விடு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் துண்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நர்ஸ் நோனா கையில் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சின்னராசா லொறியிலிருந்து இறங்கி அப்பன் சாரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் இருக்கேன்பா."

"நீ போடா. வாத்தியாரையா நமக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு. போயி ஒழுங்காப் பாடு."

"பாப்பாவுக்கு?"

"ஊசி போடுவாங்க. சரியாயிரும்."

லொறி திரும்பிப் போனது. ஆண்டியப்பனும் ராக்காயியும் வராந்தாவில் சுவரோரமாகக் குந்தினார்கள். டொக்டர் வந்தார், போனார், மறுபடி வந்தார். உள்ளே ஆட்கள் ஓடினார்கள். முடிந்ததைச் செய்யாமல் விடவில்லை அவர்கள். வெயில் முற்றத்துக்கு இறங்கிய நேரம், அதே நர்ஸ் வெளியே வந்து ராக்காயியின் தோளில் கை வைத்தாள். அவள் பேசியது சிங்களம். ராக்காயிக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் விளங்கிவிட்டது. ஒருநாள் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் பிறகு தமிழில் சொன்னார்.

காப்பை அறுத்ததனால்தான் பிள்ளை போனது என்று எங்கள் தோட்டத்தில் பிறகு எத்தனையோ வாய் பேசின. பாழாய்ப் போன வாய்கள். காப்பை அறுத்ததனால் அல்ல, அறுக்காமல் வைத்திருந்த அந்த இரண்டு நாளால்தான் போனது. அந்தச் சிவப்புத் தண்ணீராலும் போனது. இதை நல்லமுத்துவின் முகத்துக்கு நேராகவே நான் சொல்லியிருக்கிறேன்.

ராக்காயி வாய்விட்டு அழவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக் கம்பளியை இழுத்து மூடினாள்.

"பெரியவனக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள். "தங்கச்சி மொகத்தப் பாக்கட்டும். போங்க, சீக்கிரம்."

ஆண்டியப்பன் ஹட்டனுக்கு நடந்தே போனான். எதிரே வந்த பஸ்காரன் திட்டியது அவன் காதில் ஏறவில்லை. மண்டபத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. சிரிப்புச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

அது வேறு பள்ளிக்கூடத்து நாடகத்துக்கான சிரிப்பு. எங்கள் பிள்ளைகள் பிந்தி வந்ததால் கடைசியில் விட்டிருந்தார்கள். ஆண்டியப்பன் வாசல்காரனிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தபோது, எங்கள் பிள்ளைகள் மேடைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாடகம் எடுபடவில்லை. அட்டை கடிக்கிறவன் துள்ளினான், இரண்டு பேர் சிரித்தார்கள், அவ்வளவுதான். கொட்டாவிக் கோவிந்தனோ பாட்டை முழுங்கி முழுங்கிப் பாடினான். கொட்டாவி விட வேண்டிய இடத்தில் சும்மா நின்றான். திரைக்குப் பக்கத்தில் வாத்தியார் அந்தக் குளிரிலும் வியர்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரோ எழும்பிப் போகத் துண்டைத் தேடினார்கள்.

கூப்பிட்டுவிடலாம் என்றுதான் ஆண்டியப்பன் நடுவழியில் வந்தான். கையைக்கூடத் தூக்கினான்.

சின்னராசா அப்பனைக் கண்டுவிட்டான்.

கண்டதும் அந்த முகத்தில் வந்ததே ஒரு வெளிச்சம்! அப்பன் பாப்பாவை விட்டுவிட்டு நாடகம் பார்க்க வந்திருக்கிறான். அப்படியானால் பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. வேறென்ன நினைப்பான் பிள்ளை? இடுப்பில் கையை வைத்தான். அண்ணாந்து ஒரு கொட்டாவி விட்டான் பாருங்கள், மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு. போட்டி நடத்துகிறவளாக வேஷம் போட்டிருந்த பெண், எட்டுப் பேருக்கு ஏழு ரொட்டியைப் பிரித்தால் என்ன கணக்கு என்று கேட்டாள். அவன் ஆடிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஏழு ரொட்டி அம்மா சுட்டா,
எட்டுப் பேரு சுத்தி வந்தோம்,
ஆளுக்கொண்ணு எடுத்தோமுங்க,
அம்மா தண்ணி குடிச்சாங்க!
கணக்கு இப்ப சரிதானே,
கையத் தட்டிப் போங்களேன்!"

ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மறுபடி பாடு, மறுபடி பாடு என்று கத்தினார்கள். இரண்டாம் முறை அந்த எட்டுப் பேரையும் அவனாகவே பேர் சொல்லி விரல் விட்டான். வாத்தியார் எழுதாத வரி அது. கடைசி விரலை அப்பனுக்கு நேரே நீட்டி, "எட்டாவது எங்க சம்முவடிவு, பல்லு இல்லாமத் தின்பாளாம்!" என்று பாடினான்.

தூக்கின கை ஆண்டியப்பனுக்கு அப்படியே நின்றது. அதை இறக்கினால் பிள்ளை என்ன நினைப்பான்? மற்றக் கையையும் தூக்கித் தட்டினான். சிரித்தான். எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தான். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருடைய பிள்ளையப்பா இவன்?" என்று கேட்டார்.

"எம் மவந்தாங்க," என்றான் ஆண்டியப்பன்.

"கொடுத்து வைத்தவன் நீ."

"ஆமாங்க."

முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று அறிவிக்கும் முன்னாலேயே சின்னராசா மேடையிலிருந்து குதித்து, ஆட்களுக்கு ஊடே புகுந்து ஓடி வந்தான். வரைந்த மீசை வியர்வையில் கரைந்து வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டியப்பன் அவனை அள்ளி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். இடுப்பில் தூக்குகிற வயதில்லை அவனுக்கு. கால் கீழே இடித்தது.

"ஒன்னயக் கண்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுப்பா, பாப்பாவுக்கு நல்லாயிருச்சுன்னு. ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்கடா."

"ரொம்ப அழுதுச்சா?"

ஆண்டியப்பன் வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டான். டிக்கோயாப் பக்கம் திரும்பினான்.

"இல்லடா ராசா. அழுவல."